காற்றுக்கு அளவெடுத்தல்

"மாமா, எனக்கு ஒரு டிரஸ் தைக்கணும். நீங்கதான் தைக்கணும்" என்று தங்கச்சி மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது, கல்யாணச் சேதிதான் வருகிறது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். விமானத்திலிருந்து குதிக்கிறதுக்கு என்றாள். தாய்லாந்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாளாம். 13,000 அடி உயரத்திலிருந்து குதித்து, தன் பாராசூட்டைத் தானே விரிக்கக் கற்றுக்கொள்ளும் படிப்பு. பள்ளியில் இருக்கிற சூட் எல்லாம் வெள்ளைக்காரர்களின் உடம்புக்குத் தைத்தவை, இவளுக்குத் தொளதொள என்று இருக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்களாம்.

அவளுக்கு 26 வயது. 5 அடி உயரம். எடை 44 கிலோ.

தங்கச்சி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். "இன்னாண்ணா இது, கோழி றெக்கையாட்டம் கீறா. காத்து அடிச்சா எங்க போய் விழுவாளோ. நீயாவது சொல்லக்கூடாதா?" என்று அழுதாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அளவெடுப்பது மட்டும்தான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கட்டரின் மகனாகப் பிறந்தவன். ஆற்காட்டில் குடியிருந்துகொண்டு, பாலாற்றைத் தாண்டி ராணிப்பேட்டையில் 28 வருஷம் தோல் ஆடைகளுக்குப் பேட்டர்ன் போட்டேன். ஜாக்கெட், கோட்டு, கையுறை என்று எல்லாம் கப்பலேறிப் போன சரக்கு. நான் வெட்டின ஜாக்கெட்டை யார் போட்டார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக, போடப்போகிற உடம்பு எனக்குத் தெரிந்த உடம்பு.

வீட்டில் மிச்சமிருந்த நைலான் டஃபெட்டா லைனிங்கை எடுத்து ஒரு சாம்பிள் தைத்தேன். கை அகலம், கால் அகலம், அக்குளில் நல்ல தாராளம். லேசான பிள்ளை, காற்றை நிறையப் பிடித்தால் மெதுவாக இறங்குவாள், மெதுவாக இறங்கினால் பத்திரம் என்பது என் கணக்கு. போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் அதைப் பயிற்சியாளருக்குக் காட்டினாள். மறுநாள் பதில் வந்தது: "மாமா, எல்லாமே தலைகீழாம். எனக்கு டைட்டா இருக்கணுமாம். லூஸ் சூட்டு என்னைப் பிடிச்சுக்கிட்டு குதிக்கிற அவங்க போட்டுக்குவாங்களாம்."

28 வருஷ அனுபவம் ஒரே வரியில் போயிற்று. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த துணியில் கத்தரி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அப்படித் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கிடைத்தவள் இன்னொரு கோழி றெக்கை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893-இல் பிறந்த ஜார்ஜியா ஆன் தாம்சன். பிறந்தபோது மூன்று பவுண்டுதான் இருந்தாளாம், அதனால் வீட்டில் வைத்த பெயர் டைனி, பொடிசு. வளர்ந்த பிறகும் எடை 80 பவுண்டு, நம் கணக்கில் 36 கிலோ. சின்ன வயதிலேயே கல்யாணம், ஒரு பெண் குழந்தை. பிழைப்புக்குப் பஞ்சாலை வேலை. 1907-இல் ராலி நகரத்துப் பொருட்காட்சியில் சார்லஸ் பிராட்விக் என்பவரின் பலூன் கோஷ்டியைப் பார்த்தாள். சூடான காற்று அடைத்த பலூனில் மேலே போய் பாராசூட்டில் இறங்குகிற வித்தை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றாள். 1908-இல் முதல் குதிப்பு. அப்போது வயது 15.

அவளுக்கு என்ன உடை கொடுத்தார்கள் என்பதைத் தேடிப் பார்த்தேன். சுருக்கம் வைத்த, முழங்காலோடு நிற்கிற கவுன் மாதிரியான நிஜார். கையில் இளஞ்சிவப்பு ரிப்பன், சுருட்டி விட்ட தலைமுடியில் ரிப்பன். பொம்மைப் பெண் என்று விளம்பரம். குதித்தவளுக்கு அந்த உடையே பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்த உடை காற்றுக்காகத் தைத்ததில்லை. அண்ணாந்து பார்க்கிறவர்களுக்காகத் தைத்தது. பார்க்கிறவனுக்குப் பரிதாபமும் பதைப்பும் வரவேண்டும், டிக்கெட் விற்க வேண்டும். லேசான உடம்பு அந்த வியாபாரத்தில் ஒரு சரக்கு. எடை குறைந்தால் பலூன் சின்னதாக இருந்தால் போதும், செலவும் குறையும்.

ஆனால் எடை குறைந்ததற்கு அவள்தான் விலை கொடுத்தாள். லேசான ஆளைக் காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். மரத்தில் விழுந்திருக்கிறாள், காற்றாலையில் சிக்கியிருக்கிறாள், ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டி மேல் போய் இறங்கியிருக்கிறாள்.

டைனியின் கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பிராட்விக் ஒரு புது மாதிரி பாராசூட் செய்தார். அதுவரை பாராசூட் பலூனில் தொங்கும், ஆள் அதில் தொங்குவார். இவர் அதை மடித்து, கையில்லாத கோட்டு மாதிரி ஒரு கித்தான் சட்டையின் முதுகில் வைத்துத் தைத்தார். பாராசூட்டே உடையாகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு 1913-இல் லாஸ் ஏஞ்சலஸில் கிளென் மார்ட்டினின் விமானத்திலிருந்து டைனி குதித்தாள். 1914-இல் சான் டியேகோவில் ராணுவத்துக்குச் செய்துகாட்டும்போது, பாராசூட்டை விரிக்க விமானத்தோடு கட்டியிருந்த கயிறு வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த முறை கயிற்றை வெட்டிவிட்டு, சின்ன துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குதித்து, கொஞ்சம் விழுந்த பிறகு தானே இழுத்து விரித்தாள். விழும்போது மனுஷனுக்கு நினைவு தப்பிவிடும், கை அசையாது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. லெஸ்லி இர்வின் டேட்டன் நகரத்தில் குதித்து அந்த நம்பிக்கையை ராணுவத்தின் பார்வையில் உடைத்தது 1919 ஏப்ரல் 28-இல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே 36 கிலோப் பெண் அதைச் செய்துவிட்டாள்.

1,100 தடவைக்கு மேல் குதித்துவிட்டு, கணுக்கால் தொந்தரவால் 1922-இல் நிறுத்தினாள். 1978 வரை இருந்தாள்.

*

அதே காலத்தில் இங்கிலாந்தில் டாலி ஷெப்பர்ட். 1886-இல் பிறந்தவர், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் உணவு பரிமாறும் வேலை பார்த்தவர். அவர் போட்டது கருநீல நிக்கர்பாக்கர் சூட்டு, தொப்பி, உயரமாக லேஸ் கட்டின பூட்ஸ். பெண்கள் தரை தொடும் பாவாடை கட்டிக்கொண்டிருந்த ஊரில் நிக்கர் போட்ட பெண் என்பதே ஒரு செய்தி. ஆனாலும் ரிப்பன் வைத்த பொம்மை உடையோடு ஒப்பிட்டால் இது வேலைக்கான உடை. பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்கிறது, துணி எதிலும் மாட்டாது.

1908-இல் டாலியோடு லூயி மே என்கிற பெண் மேலே போனார். லூயிக்கு அதுதான் முதல் தடவை. மேலே போனதும் லூயியின் பாராசூட் பலூனிலிருந்து கழலவில்லை. பலூன் ஏறிக்கொண்டே போகிறது. டாலி நடுவானில் அந்தப் பெண்ணைத் தன் பக்கம் இழுத்து, கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, ஒரே பாராசூட்டில் இரண்டு பேருமாக இறங்கினார்கள். லூயிக்கு ஒன்றும் ஆகவில்லை. டாலி முதுகில் பலத்த அடிபட்டு, கால் விழுந்து, பல வாரம் படுக்கையில் கிடந்தார். பிறகு எழுந்து மறுபடியும் குதித்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கணக்கு பிடிபட்டது. காற்று இறங்குகிற பொருளைத் தடுக்கிறது. வேகம் கூடக் கூட தடையும் கூடும், அதுவும் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். தடையும் எடையும் சமமாகிற இடத்தில் வேகம் அப்படியே நின்றுவிடும். பள்ளிப் புத்தகத்தில் முற்றுத் திசைவேகம் என்று படித்தது இதுதான். ஒரே பாராசூட்டில் எடை இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் இரண்டு மடங்காகாது, சுமார் 1.4 மடங்காகும். டாலியின் முதுகை உடைத்தது அந்த 0.4.

இதையே பாராசூட் விரிவதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள். வயிறு தரையைப் பார்க்கக் கைகாலைப் பரப்பி விழுகிற ஆள், சுமார் 10, 12 நொடியில் மணிக்கு 190, 200 கி.மீ. வேகத்தில் நிலைத்துவிடுவார். அது சராசரி ஆளின் கணக்கு. 80 கிலோ ஆள் 12 கிலோ பாராசூட்டைக் கட்டிக்கொண்டு 195-இல் விழுகிறார் என்று வைப்போம். அவர் மறைக்கிற அதே அளவு பரப்பை 44 கிலோப் பெண் அதே 12 கிலோச் சுமையோடு மறைத்தால் வேகம் 150-ஐ ஒட்டித்தான் வரும். நல்லவேளையாகச் சின்ன உடம்புக்குப் பரப்பும் சின்னது, அதனால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. மணிக்கு 15 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 மீட்டர். 30 நொடியில் 120 மீட்டருக்கு மேல். மாணவி மேலே, ஆசிரியர் கீழே. கையை விட்டுப் போனால் திரும்ப வந்து பிடிப்பது கஷ்டம்.

நான் என்ன செய்திருந்தேன்? கடவுள் சின்னதாகப் படைத்த பரப்பை லைனிங் துணி போட்டுப் பெரிதாக்கியிருந்தேன். மெதுவாக விழுந்தால் பத்திரம் என்பது தரையைத் தொடும் நேரத்துக்குத்தான் சரி. அதைப் பாராசூட் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் இருக்கிற அந்த 50 நொடியில் பத்திரம் என்பது கூட வருகிறவரின் வேகத்தில் விழுவது.

*

ஆற்காட்டுக்காரன் என்பதால் ஒருவரைப் பற்றி எழுதாமல் தாண்ட முடியாது. ஏ.ஜி. ரங்கராஜ். அந்த முதலெழுத்தில் இருப்பது எங்கள் ஊர்: ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஊர்ப்பெயரைச் சுமந்த ஆட்களில் ஆற்காடு முதலியார், ஆற்காடு நவாப் என்றெல்லாம் நமக்குத் தெரியும். வானத்திலிருந்து குதித்த ஆற்காட்டை எனக்கு 60 வயதில்தான் தெரிந்தது.

இந்திய மண்ணில் பாராசூட் வித்தை அதற்கு முன்பே வந்துவிட்டது. பெர்சிவல் ஸ்பென்சர் என்கிற ஆங்கிலேயர் 1889-இல் கல்கத்தாவில் செய்துகாட்டினார். அவரிடம் கற்றுக்கொண்டு ராம் சந்திர சட்டர்ஜி என்கிற சர்க்கஸ் கலைஞர் 1890-இல் தானே குதித்தார். 1892-இல் டாக்காவில் நவாபின் அழைப்பில் வந்து குதித்த ஜெனெட் வான் டசல் என்கிற அமெரிக்கப் பெண் மரத்தில் சிக்கி, மூங்கில் கட்டி இறக்கும்போது விழுந்து இறந்துபோனார். அதெல்லாம் வேடிக்கைக் காலம்.

ராணுவக் காலம் 1941-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்காக 50-ஆவது இந்திய பாராசூட் பிரிகேடு டெல்லியில் உருவானது. அதில் 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் ராணுவத்தில் முதலில் குதித்த இந்தியர்கள் என்று பாராசூட் ரெஜிமென்ட்டின் வரலாறு சொல்கிறது. ஒரு டாக்டர், ஒரு ஹவில்தார்.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பாராசூட் படையின் மேல்சட்டையை ஒரு படத்தில் பார்த்தேன். டெனிசன் ஸ்மாக் என்று பெயர். தொழில்காரன் கண்ணுக்கு அதில் இரண்டு விஷயம் உடனே படும். பின்பக்கம் ஒரு வால் மாதிரி துணி தொங்கும். அதைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து முன்பக்கம் பட்டனில் மாட்ட வேண்டும். விழும்போது சட்டை மேலே ஏறி முகத்தை மூடாமல் இருக்க. இன்னொன்று, தோட்டாப் பை, பெல்ட் எல்லாம் கட்டின பிறகு அதற்கும் மேலே கையில்லாத ஒரு மெல்லிய ஜாக்கெட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். கீழே போனதும் கழற்றி எறிந்துவிடலாம். கயிறு எதிலும் சிக்கக்கூடாது என்பது ஒன்றே அதன் வேலை. அலங்காரம் என்று ஒரு தையல்கூடக் கிடையாது. பொம்மைப் பெண்ணின் ரிப்பனுக்கும் இந்த வாலுக்கும் நடுவே 30 வருஷம்தான் இடைவெளி. உடை முதல்முறையாகப் பார்க்கிறவனை மறந்துவிட்டு, விழுகிறவனை நினைத்துக்கொண்டது.

ரங்கராஜ் பிறகு 60-ஆவது பாரா ஃபீல்டு ஆம்புலன்சின் தலைவராக 1950-இல் கொரியாவுக்குப் போனார். பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது வண்டி கிடைக்காமல், மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனசில்லாமல், ஒரு ரயில் எஞ்சினையும் பெட்டிகளையும் பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்த கோஷ்டி அது. 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் அவருடைய சிறு குழுவும் குதித்துக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மகாவீர் சக்ரா கிடைத்தது. ராணுவத்துக்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்பு வேலையை நடத்தியவரும் அவரேதான்.

தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். "டாக்டரு குதிச்சாரு சரி. அவரு ஆம்பள, பட்டாளத்து சாப்பாடு சாப்ட்ட உடம்பு" என்றாள். 1959-இல் விமானப்படை டாக்டர் கீதா சந்தா இந்தியப் பெண்களில் முதலாவதாகப் பாராசூட்டில் குதித்த கதையையும் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அழுகை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

*

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆகாயத்தில் போனவர்கள் முதலில் போட்டது எங்கள் சரக்கு வகையறாதான். தோல் கோட்டு, தோல் தொப்பி, தோல் கையுறை. லெஸ்லி இர்வின் 1930-களில் கொண்டுவந்த ஆட்டுத்தோல் ஜாக்கெட்டு, உள்ளே ரோமமும் வெளியே தோலுமாக, பிரிட்டிஷ் விமானிகளின் அடையாளமாயிற்று. அந்த மாதிரியை நானே எத்தனையோ சீசனில் வெட்டியிருக்கிறேன். அது குளிருக்கு. விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு. குதிக்கிறவருக்குத் தோல் சுமை. தோல் தொப்பி மட்டும் விளையாட்டுப் பாராசூட்காரர்களிடம் வெகுகாலம் தங்கியிருந்தது. மெல்லிய தோல் கையுறை இன்றும் இருக்கிறது. கைப்பிடியை விரல் உணர வேண்டும் என்பதால் அதில் தடிமன் ஆகாது.

எங்கள் பக்கம் இதெல்லாம் எப்போது வந்தது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரையில் தோல் ஷாப் நடத்தியவர்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதம்போட்டு அனுப்பினார்கள். முதல் உலகப்போரில் அந்தச் சென்னை மாகாணத்துத் தோல்தான் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்சுக்கு மேல்தோலாகப் போயிற்று. ஆனால் பூட்ஸ் இங்கே தைக்கவில்லை. அளவு என்கிற விஷயமே எங்களிடம் இல்லை. சதுர அடிதான் இருந்தது. 1970-களில் பாதி பதமான தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்த பிறகே ஷூவும் ஜாக்கெட்டும் இங்கே தைக்கிற காலம் பிறந்தது. என் அப்பா கட்டர் ஆனதும் நான் பேட்டர்னுக்கு வந்ததும் அந்த அலையில்தான்.

அந்தத் தொழிலில் முதல் பாடம் சாம்பிள் சைஸ். பெண்கள் ஷூ என்றால் 37, ஆண்கள் என்றால் 42. அந்த ஒரு சைஸை அழகாகச் செய்வோம். மற்ற சைஸெல்லாம் அதிலிருந்து கணக்குப்போட்டு ஏற்றி இறக்குவது. ஒரு நம்பருக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். கணக்கு சரியாக வரும், கால் சரியாக வராது. 35 என்பது சுருங்கின 37 இல்லை. சின்னக் காலுக்கு வளைவு வேறு, குதி வேறு. சின்ன சைஸ் கேட்கிறவர்கள் குறைவு, அதனால் புகாரும் குறைவு. அந்தத் தப்பு அப்படியே போகும். பொதுவாக உடைகளின் வரலாறே நடுத்தர உடம்பின் வரலாறுதான். ஓரத்தில் இருக்கிற உடம்புகள் இழுத்துப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளும்.

குதிக்கிற சூட்டிலும் அதே கதை. போருக்குப் பிறகு பொழுதுபோக்காகக் குதித்தவர்கள் பட்டாளத்து மிச்சத்தையும் மெக்கானிக் போடுகிற ஒட்டுச் சட்டையையும் போட்டார்கள். 1940-களின் கடைசியில் லியோ வாலன்டின் என்கிற பிரெஞ்சுக்காரர், முதுகை வளைத்துக் கைகாலைப் பரப்பினால் உருளாமல் விழலாம் என்று காட்டினார். இன்று எல்லாரும் முதல் வகுப்பில் கற்பது அதைத்தான். பிறகு றெக்கை கட்டிப் பறக்கப்போய் 1956-இல் லிவர்பூலில் உயிரை விட்டார். 1970-களில் நடுவானில் கைகோத்து வட்டம் போடும் ஆட்டம் சூடு பிடித்தபோது, மெதுவாக விழுவதற்காக மணி மாதிரி விரிந்த காலும் அக்குளில் துணியும் வைத்த பெரிய பெரிய சூட்டுகள் வந்தன. கனமான ஆட்களுக்கு அது வரம். லேசான ஆட்கள் மேலேயே மிதந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் துணியை உடம்புக்குத் தக்கபடி மாற்ற வேண்டும் என்கிற ஞானம் வந்தது. கனத்த ஆளுக்குத் தொளதொள பருத்தி, லேசான ஆளுக்கு ஒட்டின, வழுவழுப்பான நைலான். அதுவும் போதாவிட்டால் பழகின பிறகு ஈயக்குண்டு பெல்ட்.

2018 பிப்ரவரியில் புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் அதே தாய்லாந்தில், பட்டாயாவில், மராத்தி ஒன்பது கஜப் புடவை கட்டி 13,000 அடியிலிருந்து குதித்தார். 8 மீட்டருக்கு மேல் துணி. அந்த வீடியோவைத் தங்கச்சிக்குக் காட்டினேன். "அப்ப புடவையிலயே குதிக்கலாமே" என்றாள். அவர் 2004-லேயே வட துருவத்தில் குதித்தவர், நூற்றுக்கணக்கான தடவை குதித்த பிறகு புடவை கட்டினார், அதையும் இடத்துக்கு இடம் ஊக்கு குத்தி, டேப் ஒட்டித்தான் கட்டினார் என்று விளக்கினேன். எது எங்கே பறக்கும் என்று தெரிந்தவர் கட்டின புடவை அது. முதல் நாள் போகிறவளுக்கு அது பாடமில்லை.

*

இரண்டாவது சாம்பிள் தைக்க உட்கார்ந்தபோது என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. பயிற்சியாளர் சொன்னதும் நான் புரிந்துகொண்டதும் சேர்ந்தது.

முதலில் சூட்டு இல்லை, பட்டைகள். பாராசூட்டின் தொடைப் பட்டையும் மார்புப் பட்டையும் அவள் உடம்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், என் சூட்டு எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. பெரிய ஆளுக்கான பட்டையைக் கடைசிவரை இழுத்துக் கட்டினாலும் சின்ன உடம்பு அதற்குள் நகரும். நகர்ந்தால் கைப்பிடி தேடின இடத்தில் இருக்காது. அதனால் சின்ன அளவு பட்டை இருக்கிறதா என்று பள்ளியில் முதலில் கேட்கச் சொன்னேன். இருந்தது.

அடுத்தது, சூட்டின் எந்தத் துணியும் கைப்பிடிகளின் மேல் வரக்கூடாது. இடுப்பில் உப்பினால் மூடிக்கொள்ளும். அதனால் இடுப்பில் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் முதுகை வளைத்து, கையைத் தூக்கி, முழங்காலை மடக்கி நிற்கிற நிலையில்தான் அளவெடுத்தேன். நேராக நிற்கவைத்து எடுத்த அளவில் தைத்தால் வளையும்போது கவட்டில் இழுக்கும். அவளை எங்கள் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுக்கவைத்து, கைகாலைத் தூக்கச் சொல்லி டேப் பிடித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முன்பக்கம் நைலான். அக்குளிலும் முழங்கால் பின்னாலும் மட்டும் இழுபடுகிற துணி. மணிக்கட்டில் இறுக்கம், உயரம் காட்டுகிற கருவி கையிலேயே இருப்பதால் துணி அதை மறைக்கக்கூடாது. கணுக்காலில் இறுக்கம். பழகினவர்கள் சூட்டில் பாதத்தை மூடுகிற துணி வைப்பார்களாம், அது காலுக்கு வேகம் கொடுக்கும். புதுசாகப் போகிறவளுக்கு அது வேண்டாம் என்றார்கள். கைகோக்கிறதுக்குப் பிடிமானப் பட்டையும் வேண்டாம். முழங்காலில் இரட்டைத் துணி, பின்பக்கமும் இரட்டை. கொக்கி வைத்த ஷூ கூடாது. வெளியே பை கூடாது, நாடா கூடாது, ரிப்பன் கூடாது.

ரிப்பன் கூடாது என்று எழுதும்போது டைனியை நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சி ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். ரத்தினகிரி முருகனுக்கு நேர்ந்தது. "இத எங்கயாவது வெச்சித் தைச்சிடுண்ணா." பெரிய பெரிய பையரையெல்லாம் சமாளித்தவன் நான், இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. பள்ளியில் கேட்டுக்கொண்டு, உள்பக்கம் மார்புக்குக் கீழே, ஜிப் வைத்து மூடின சின்னப் பையில் வைத்தேன். எதிலும் உரசாத, எதையும் மறைக்காத இடம் அதுதான்.

அங்கே போனதும் சூட்டைப் போடவைத்து, பட்டை மாட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு கைப்பிடியையும் பத்து தடவை தொடச் சொல்லிப் பார்த்தார்களாம். கை எங்கேயும் தடுக்கவில்லை என்ற பிறகுதான் சரி என்றார்கள். முதல் குதிப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பேரும் தொளதொளச் சூட்டில். அவள் அன்று சாயங்காலம் போன் செய்தாள். தங்கச்சிதான் எடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் காதில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"விழுந்தது நல்லா இருந்துச்சு மாமா. அவங்களோட ஒரே வேகத்துல விழுந்தேனாம். பாராசூட் விரிஞ்சப்புறம்தான் ஆட்டம். நான் லேசு இல்ல, கீழ காத்து அடிச்சதும் அப்படியே பின்னால தள்ளிக்கிட்டே போச்சு. காத்து கொறைஞ்சாதான் அடுத்த தடவை அனுப்புவேன்னுட்டாங்க."

மாணவர்களுக்குக் கொடுக்கிற பாராசூட் பெரியது. லேசான ஆளை அது முன்னால் கொண்டுபோகிற வேகத்தைவிடக் காற்று அடித்தால் பின்னால்தான் போவாள். அதற்கு எந்தத் தையல்காரனிடமும் மருந்து இல்லை. காத்திருப்பதுதான் வழி. டைனிக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது, டிக்கெட் விற்றாகிவிட்டது.

எட்டுக் குதிப்பும் முடித்து அவள் ஊருக்கு வந்தபோது சூட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய ஷூவின் அடியைப் பார்த்து நடந்தவரின் கோணலைச் சொல்லுவது எங்கள் பழக்கம். பின்பக்கத்து இரட்டைத் துணியில் புல்லின் பச்சை ஏறியிருந்தது. இடது முழங்காலில் ஒரு தேய்மானம். வலதில் அவ்வளவு இல்லை. "இடது காலத்தான் முன்னால வெக்கிற, ரெண்டையும் சேத்து வெய்யி" என்றேன். "அங்கயும் அதையேதான் சொன்னாங்க மாமா" என்று சிரித்தாள்.

தங்கச்சி உள்பையின் ஜிப்பைத் திறந்து காசு முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடது முழங்காலுக்கு ஒட்டுப்போட நைலான் தேடினேன்.